இரண்டு வெற்றுக் கட்டங்கள்

மச்சான்,

இன்று மத்தியானம் ஸ்பிரிங்வேல் கடைத்தெருவில் வாங்கி வந்த பீச் பழத் தகரப் பேணியைத் திறந்தேன். திறப்பானின் பல் தகரத்தில் இறங்கியதுமே அந்த மணம் வந்துவிட்டது. பழத்தின் மணம் அல்ல. அதற்கு முன்னால் வருகிற, லேபிள் பசையும் இயந்திர எண்ணெயும் கலந்த மணம். மூடியைத் திருப்பி விளிம்பில் குத்தியிருந்த எழுத்தைப் பார்த்தேன். நம் தொழிற்சாலையின் எழுத்துத்தான். சிட்னியில் செய்த பேணி மெல்பேர்ணில் என் மேசைக்கு வந்திருக்கிறது.

பழத்தைச் சாப்பிட முடியவில்லை. உன் அறைச் சுவரிலிருந்து எடுத்து வந்து கட்டிலுக்கு அடியில் சுருட்டி வைத்திருந்த உன் தாளை எடுத்து மேசையில் விரித்தேன். அது சுருளாமல் இருக்க, ஒரு முனையில் அந்தப் பேணியையே வைத்தேன்.

தாளின் ஒரு பக்கம் முழுவதும் வெட்டாத பீச் லேபிள்கள், வரிசை வரிசையாக. மறுபக்கத்தில் நீ பென்சிலால் கீறிய பத்துக் கட்டங்கள். இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து, பிரான்ஸ். ஒவ்வொரு வருடமும் தை பிறந்ததும் இந்த ஐந்து நாடுகளும் ஒன்றோடொன்று ஒருமுறை ரக்பி ஆடும். மொத்தம் பத்து ஆட்டங்கள். உன் தாள் 1972ஆம் ஆண்டுக்கானது. எட்டுக் கட்டங்களில் எண்கள் இருக்கின்றன. இரண்டு வெறுமையாக இருக்கின்றன.

நீ போய் மூன்று வருடமாகிறது. நான் இன்னும் அந்த இரண்டையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு நினைவிருக்கும், முதலில் நான் உன்னை எப்படிக் கேலி செய்தேன் என்று. நான் யாழ்ப்பாணத்தில் கால்பந்து பார்த்து வளர்ந்தவன். நீ, தகப்பனின் அரசாங்க உத்தியோகத்தால், கண்டியில் படித்து, முட்டைப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவன்.

"தேயிலைத் துரைமாரின்ரை விளையாட்டடா அது," என்றேன். "ஒருத்தனை விழுத்தி, அவன்ரை கையிலை இருக்கிறதைப் பறிச்சுப் போட்டு, கடைசியிலை கை குடுக்கிறது. எங்கடை நாட்டிலை செய்த மாதிரி."

"எங்களுக்குக் கை குடுத்தவங்களே? எனக்குத் தெரியாமப் போச்சே," என்றாய் நீ.

சிட்னியிலும் அது பணக்காரப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் ஆட்டம்தான். நம் தொழிற்சாலை ஆண்கள் பார்த்தது பதின்மூன்று பேர் ஆடும் மற்ற வகை ரக்பியை. உனக்கு வாய்த்த ஒரே கூட்டாளி, நம்மை வேலை வாங்கிய போர்மன். வேல்ஸ் நாட்டு நிலக்கரிப் பள்ளத்தாக்கு ஒன்றிலிருந்து கப்பலேறி வந்தவர். தன் ஊரில் சுரங்கத்திலிருந்து மேலே வந்தவன் முகம்கூடக் கழுவாமல் ரக்பி ஆடுவான், அங்கே அது துரைகளின் ஆட்டமல்ல என்று என்னிடம் விரலை நீட்டிச் சொன்னவர்.

அவருடைய தம்பி ஊரிலிருந்து பழைய பேப்பர்களைக் கட்டிக் கப்பல் தபாலில் அனுப்புவான். ஆறு ஏழு வாரம் கழித்துத்தான் அது வந்து சேரும். சிட்னிப் பேப்பரில் திங்கட்கிழமையே மூலையில் ஒரு வரியில் முடிவு வந்துவிடும். ஆனால் நீ ஒரு சட்டம் போட்டாய். சாப்பாட்டு அறையில் யாரும் அதைச் சொல்லக்கூடாது. "கப்பல் வருமட்டும் ஆட்டம் நடக்கேல்லை," என்றாய். போர்மனும் அதற்குக் கட்டுப்பட்டார். திங்கட்கிழமைப் பேப்பரை முதலில் மனைவியிடம் கொடுத்து அந்த மூலையை வெட்டி எடுக்கச் சொல்வாராம். பேணி செய்யும் தொழிற்சாலை ஒன்றில், வளர்ந்த மனிதர்கள், முடிந்துபோன ஆட்டத்துக்காக ஏழு வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கட்டு வந்த நாளில் நானும் முன்வரிசையில்தான் இருந்தேன்.

நீ பழப்பெட்டி ஒன்றில் ஏறி நின்று, கண்டிப் பள்ளிக்கூட இங்கிலீசில் செய்தியை வாசிப்பாய். பிறகு காதிலிருந்து பென்சிலை எடுத்துக் கட்டத்தை நிரப்புவாய். மூடி குத்தும் இயந்திரத்தில் வேலை செய்த மீலா அக்கா, யூகோஸ்லாவியாக்காரி, மிளகாய் ஊறுகாய் போத்தலோடு வந்து ஒரே கேள்வி கேட்பாள். "யார் தோற்றது? நான் அவர்கள் பக்கம்."

அந்த வருடம் அயர்லாந்து முதலில் பாரிசுக்குப் போய்ப் பிரான்சை வென்றது. அடுத்து லண்டனுக்குப் போய், ஆட்டம் முடிகிற கடைசி நொடிகளில் இங்கிலாந்தை வென்றது. இனி இரண்டு ஆட்டங்கள், இரண்டும் சொந்த ஊரான டப்ளினில். ஸ்கொட்லாந்தும் வேல்சும் அங்கே வரவேண்டும். வேல்சோ, ஆடிய இரண்டையும் வென்றிருந்தது. போர்மனுக்கு நித்திரையே இல்லை. டப்ளின் ஆட்டம் வரட்டும் என்று நீயும் அவரும் பந்தயம் கட்டாத குறை.

இதற்கு நடுவில்தான் அயர்லாந்தின் வடக்கில், ஊர்வலம் போன சனத்தைப் பிரிட்டிஷ் படை சுட்டது. டப்ளினில் பிரிட்டிஷ் தூதரகத்தை எரித்தார்கள். அந்தச் செய்தி முதல் பக்கத்தில் வந்தது. அதை எந்த மனைவியாலும் வெட்டி எடுக்க முடியாது.

சித்திரை மாதம் கட்டு வந்தது. நீ பெட்டியில் ஏறினாய். இரண்டு வரி வாசித்தாய், நிறுத்தினாய், பிறகு மெதுவாக வாசித்து முடித்தாய். வந்தால் சுடுவோம் என்று ஆட்டக்காரருக்குக் கடிதங்கள் வந்தனவாம். ஸ்கொட்லாந்து டப்ளினுக்குப் போகவில்லை. வேல்சும் போகவில்லை. அந்த வருடம் யாரும் வெல்லவில்லை.

நான் கத்தினேன். கோழைகள் என்று போர்மனின் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர்களுக்கு மனைவி பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார் அவர். அயர்லாந்துக்காரனுக்கு இல்லையா என்று கேட்டேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அதற்கு முந்திய குளிர்காலம் நிறவெறித் தென்னாபிரிக்காவின் வெள்ளையர் அணி சிட்னிக்கு ஆட வந்தபோது, முள்கம்பிக்கு வெளியே ஆயிரம் பேரோடு நின்று தொண்டை கிழியக் கத்தியவன் நான். நீயும் வந்தாய். உயிரைப்போல நேசித்த ஆட்டத்தைப் பார்க்காமல் வெளியே நின்றாய், கத்தாமல். நீ அப்படி நின்றதன் கனம் எனக்கு அப்போது விளங்கவில்லை. என்னுடையது செலவில்லாத கோபம்.

நீ பெட்டியிலிருந்து இறங்கி என் தோளைப் பிடித்தாய். தமிழில் சொன்னாய்.

"பயந்தவனைப் பேசாதை மச்சான். வரேல்லை எண்டதை மட்டும் சொல்லு. அது காணும்."

கட்டத்தில் ஒரு கோடாவது போடு என்றார் போர்மன். நீ மறுத்தாய். ஆடாத ஆட்டத்துக்குக் கோடும் இல்லை, பூச்சியமும் இல்லை என்றாய். மீலா அக்கா வழமைபோல வந்து யார் தோற்றது என்று கேட்டாள். யாரும் இல்லை என்றாய்.

"அப்படியென்றால் எல்லாரும்," என்றாள்.

வைகாசியில் அவளுடைய கை இயந்திரத்துக்குள் போனது.

அந்த மாதம்தான் நம் நாட்டின் பெயர் மாறியது. நீயும் நானும் தகரத் தாள்களைத் தூக்கியபடி அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

"இனிச் சிலோன்காரர் இல்லை எண்டால் இவங்கள் எங்களை என்னெண்டு கூப்பிடுவாங்கள்?" என்று கேட்டேன்.

"முந்திக் கூப்பிட்ட மாதிரித்தான். கறுப்பன் எண்டு."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பின் நடுவில்தான் இயந்திரத்தின் சத்தம் ஒருமுறை மாறிக் கேட்டது. நீ தகரத்தைப் போட்டுவிட்டு ஓடினாய்.

மீலா அக்காவின் வலது கையில் இரண்டு விரல்கள் போயிருந்தன. அந்த இயந்திரத்துக்குக் கை உள்ளே போகாமல் தடுக்கிற கம்பிக் கூடு ஒன்று இருந்தது. மாசி மாதம், பழக்காலத்தில், வேகம் போதவில்லை என்று மேலிடத்திலிருந்து சொல்லி, போர்மன் தன் கையால் அதைக் கழற்றினார். அவர் திருகாணிகளைக் கழற்ற, நீயும் நானும்தான் கூட்டைத் தாங்கிப் பிடித்தோம். எப்போது திரும்பப் போடுவீர்கள் என்று நீ கேட்டாய். பழம் முடிந்ததும் என்றார். பழம் முடிந்தது. கூடு சுவரில் சாய்ந்து தூசி பிடித்துக் கிடந்தது.

அவளே அதைக் கழற்றினாள் என்று நிர்வாகம் எழுதியது. இங்கிலீசு சரியாகத் தெரியாத ஒருத்தி, ஸ்பானரைக் கையில் பிடித்தே அறியாதவள்.

நகரத்தில், ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் விசாரணை. பத்து மணிக்கு. உண்மையைப் பார்த்தவர்கள் உலகத்தில் மூன்று பேர். ஒருவர் போர்மன். மற்ற இருவர் நாம்.

"ஒருத்தன் சொன்னால் பொய் எண்டுவாங்கள். ரெண்டு பேர் சொன்னால் யோசிப்பாங்கள்," என்றாய். "வருவியோ?"

"இதென்ன விசர்க் கேள்வி? வாறன்."

"எட்டரைக்கு. மெரிலேண்ட்ஸ் ஸ்டேஷன். டை கட்டிக்கொண்டு வா."

அதற்கு இரண்டு நாள் முன்னால் போர்மன் என்னைச் சாமான் அறைப் பக்கம் கூப்பிட்டார். தணிந்த குரலில்தான் பேசினார். "உன் குடியிருப்பு விண்ணப்பம் இன்னும் முடியவில்லைதானே? வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு கடிதம் கேட்டிருக்கிறார்கள். அதை எழுதுவது நான். நல்ல கடிதமாக எழுதத்தான் எனக்கு விருப்பம்." என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். அவருக்கும் மனைவி பிள்ளைகள் இருந்தார்கள். அவரையும் யாரோ ஒருவன் அப்படித் தனியே கூப்பிட்டிருப்பான்.

உன் விண்ணப்பமும் அதே அலுவலகத்தில், அதே மேசையில்தான் கிடந்தது. படிக்க வந்து, படிப்பு இழுபட்டு, விசாவில் மாணவர்களாகவும் இயந்திரங்களின் நடுவில் கூலிகளாகவும் இருந்தவர்கள் நாம் இருவரும். ஆனால் அவர் உன்னைக் கூப்பிடவில்லை. ஏன் என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். யாரிடம் சொன்னால் பலிக்கும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. ஆயிரம் பேரின் நடுவில் கத்துகிறவனை அவர் சரியாக எடைபோட்டிருந்தார்.

அன்றைக்கு நான் ஸ்டேஷனுக்கு வந்தேன், மச்சான். இதை உனக்கு நான் ஒருபோதும் சொல்லவில்லை. எட்டு இருபதுக்கே வந்துவிட்டேன். டை கட்டியிருந்தேன். ஆனால் நகரத்துக்குப் போகும் பிளாட்போமுக்கு ஏறாமல், எதிர்ப்பக்கத்தில் போய் நின்றேன். தண்டவாளங்களுக்கு அப்பால் நீ நின்றாய். யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டு, தோளில் சற்றுப் பெரிது. ஒரு ரெயின் வந்தது. அது போன பிறகும் நீ நின்றாய். இரண்டாவது வந்தது. நீ வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாய். மூன்றாவது ரெயின் உன்னை மறைத்து, பிறகு நகர்ந்தபோது பிளாட்போம் வெறுமையாக இருந்தது.

நான் அறைக்குத் திரும்பி, நல்ல வெயிலில், போர்வையால் மூடிக்கொண்டு படுத்தேன்.

அடுத்த நாள் உன்னிடம் காய்ச்சல் என்றேன். "ஓ," என்றாய். அவ்வளவுதான். மிச்சத்தை மீலா அக்கா சொன்னாள். இரண்டாவது ஆள் வருகிறான் என்று சொல்லி அரை மணி நேரம் அவகாசம் கேட்டாயாம். அந்த அரை மணியும் கதவையே பார்த்துக்கொண்டு இருந்தாயாம். பிறகு உன் சொல்லும் போர்மனின் சொல்லும் எதிரெதிரே நின்றன. அவருடைய சொல்லோடு நிர்வாகத்தின் தாள்களும் நின்றன. உன்னோடு ஒரு வெறும் கதிரை.

தவறு அவளுடையது என்று முடிந்தது. அவளுக்கு வேலை போனது. அதே கிழமை, ஆட்குறைப்பு என்று சொல்லி, ஒரே ஒரு ஆளைக் குறைத்தார்கள். நீ சாப்பாட்டு அறைச் சுவரிலிருந்து உன் தாளைக் கழற்றிச் சுருட்டிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டாய். "போயிட்டு வாறன்," என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னாய். என்னையும் பார்த்துத்தான் சொன்னாய்.

எனக்கு அந்தக் கடிதம் கிடைத்தது. நல்ல கடிதம். ஒழுங்கானவன், நம்பத் தகுந்தவன் என்று எழுதியிருந்தார்.

ஆனி கடைசியில் கப்பல் கட்டு ஒன்று வந்தது. போர்மன் அதைப் பிரிக்கவேயில்லை. கயிற்றோடு என் கையில் தந்தார். உன் நண்பன் பார்க்க விரும்புவான் என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அந்த மனிதரை அடிக்க வேண்டும் போலிருந்தது. உண்மையில் யாரை அடிக்க வேண்டும் என்றும் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மெரிலேண்ட்ஸில் உன் அறைக்கு வந்தேன். வீட்டுக்காரரின் குசினிக்குப் பின்னால் ஒட்டிக் கட்டிய அறை. கதவைத் திறந்து, "வாடாப்பா," என்றாய், நேற்றுப் பார்த்தவனைப்போல. இருந்த ஒரே கதிரையை எனக்குத் தந்துவிட்டுக் கட்டிலில் இருந்தாய். தேத்தண்ணி போட்டாய். புது வேலை கிடைத்ததென்றாய். மேற்கில் புது வீடுகளுக்குச் சாக்கடைக் குழாய் பதிக்கக் குழி தோண்டுகிற வேலை. உன் உள்ளங்கை கொப்புளித்திருந்தது.

பேசுவதற்கு ஒன்றும் இல்லாமல், "காய்ச்சல் வந்ததாலை..." என்று தொடங்கினேன்.

"உந்த நீலச் சேட்டு தூரத்திலையே தெரியும், மச்சான்," என்றாய்.

என் உடம்பைக் குனிந்து பார்த்தேன். அதே சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

நீ என்னைக் கண்டிருக்கிறாய். எதிர்ப்பக்கத்தில் நிற்பவன் நான் என்று தெரிந்துகொண்டே மூன்று ரெயினை விட்டிருக்கிறாய். நான் படியேறி இந்தப் பக்கம் வருவதற்கு நேரம் தந்திருக்கிறாய். கூப்பிடவும் இல்லை, கை காட்டவும் இல்லை. வருகிறவன் தானாக வரவேண்டும் என்று நின்றிருக்கிறாய்.

நான் அழத் தொடங்கினேன். நீ அதைக் கவனியாதவனாகக் கட்டைப் பிரித்து வாசிக்கத் தொடங்கினாய். சித்திரை கடைசியில் பிரெஞ்சு அணி டப்ளினுக்குப் போய் ஆடியிருந்தது. போட்டியில் சேராத ஆட்டம். சொந்த மண்ணில் ஒரு ஆட்டமும் இல்லாமல் போன அயர்லாந்துக்காகப் போய் ஆடிய ஆட்டம். இருபத்திநாலுக்குப் பதினாலு, பிரான்ஸ் தோற்றிருந்தது.

நீ எழுந்து சுவரில் இருந்த உன் தாளுக்குக் கிட்டப் போனாய். பத்துக் கட்டங்களுக்கும் வெளியே, கீழே ஓரத்தில், பதினோராவதாகச் சின்னதாய் ஒரு கட்டம் கீறினாய். இரண்டு எண்களையும் எழுதினாய்.

"கணக்கிலை வராது," என்றாய். "எண்டாலும் வந்தவங்கள்." பிறகு என் பக்கம் திரும்பி, "தேத்தண்ணி ஆறுது. குடி," என்றாய்.

அதுதான் நான் உன்னைக் கடைசியாகப் பார்த்தது. திரும்பவும் வருவதற்கு வெட்கமாக இருந்தது. அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று தள்ளினேன். ஆவணியில் மூன்று நாள் விடாமல் மழை. நான்காம் நாள் காலை குழியின் சுவர் சரிந்தது. உன் உயரத்துக்கு மேல் தோண்டிய குழிக்கு இரண்டு பக்கமும் பலகை அடித்து முண்டு கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. பலகைக்கு நேரமில்லாதவர்கள் மலர் வளையத்தைச் சரியான நேரத்துக்கு அனுப்பினார்கள்.

என்னைத் தின்பது ஒரே ஒரு கேள்விதான். அந்தக் குழியின் விளிம்பில் நின்று நீ பலகை கேட்டாயா? எப்போது போடுவீர்கள் என்று, அன்றைக்குப் போர்மனிடம் கேட்டதுபோலக் கேட்டாயா? கேட்டும் பக்கத்தில் ஒருத்தனும் நிற்கவில்லையா? அல்லது, ஒருமுறை தனியே நின்றது போதும் என்று வாயை மூடிக்கொண்டு இறங்கினாயா? அப்படி இறங்கியிருந்தால், உன்னை இறக்கியது மழை அல்ல. எதிர்ப் பிளாட்போமில் நின்றவன்.

இதைச் சொல்லக்கூடியவன் நீ ஒருவன்தான்.

அடுத்த வருடம் இங்கிலாந்து டப்ளினுக்குப் போனது. சிட்னிப் பேப்பரிலேயே வாசித்தேன். உன் சட்டத்தைக் காப்பாற்ற அறையில் யார் இருந்தார்கள்? ஆட்டம் தொடங்கும் முன்னரே சனம் எழுந்து நின்று, வந்தவர்களுக்காக நிமிடக்கணக்கில் கை தட்டியதாம். பிறகு இங்கிலாந்து தோற்றதாம். வாசித்தவுடன் எழுந்து சப்பாத்தைப் போட்டேன், மெரிலேண்ட்ஸுக்கு வந்து உனக்குச் சொல்ல. ஒரு காலில் போட்ட பிறகுதான் நினைவு வந்தது.

குழி சரிந்ததைப் பற்றியும் ஒரு விசாரணை நடந்தது. அதுவும் பத்து மணிக்குத்தான். நான் ஒன்பதுக்கே போய்விட்டேன். வாசலில் இருந்த எழுத்தர் என்னைப் பார்த்து, நீங்கள் சாட்சியா என்று கேட்டார். இல்லை, நான் ஒன்றும் பார்க்கவில்லை என்றேன். அப்படியென்றால் உங்களுக்கு இங்கே அலுவல் இல்லையே என்றார். இல்லைத்தான் என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்ப் பின்வரிசையில் இருந்தேன். மாலை வரைக்கும் யாரும் என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. என் பெயர் எந்தத் தாளிலும் இல்லை.

அந்த நீலச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போயிருந்தேன், மச்சான். தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று.